நாளுக்கு £400: லிமிடெட் கம்பெனியா, அம்பிரெல்லாவா, நிரந்தர வேலையா?

பிரிட்டனில் ஐடி வேலை தேடுபவர்கள் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரே வாரத்தில் மூன்று வாய்ப்புகள் வருகின்றன. நாளுக்கு £400, ஐஆர்35 அவுட்சைடு, சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக. (ஐஆர்35 என்பது கான்ட்ராக்டர் உண்மையில் பணியாளரைப் போல வேலை செய்கிறாரா என்று பார்க்கும் வரி விதி. அதற்கு வெளியே இருந்தால் அவுட்சைடு; உள்ளே இருந்தால் இன்சைடு, பணியாளரைப் போலவே வரி.) நாளுக்கு £430, இன்சைடு, அம்பிரெல்லா கம்பெனி வழியாக, அதாவது உங்களைத் தன் பணியாளராக வைத்துச் சம்பளம் தரும் இடைநிலை நிறுவனம் வழியாக. ஆண்டுக்கு £70,000 சம்பளமும் 8% பென்ஷனும் உள்ள நிரந்தர வேலை. எதை எடுப்பது?

பழைய கான்ட்ராக்டர் யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் "அவுட்சைடு" என்பார். அவருடைய காலத்தில் அது சரியான பதில். 2016 ஏப்ரலுக்கு முன் அடிப்படை வரி அடுக்கில் எடுத்த டிவிடெண்டுக்கு (கம்பெனி லாபத்தில் பங்குதாரர் எடுக்கும் தொகை) கையிலிருந்து கட்ட வேண்டிய வரியே இல்லை. பிறகு 7.5% வந்தது, 2022-ல் 8.75% ஆனது, 2026 ஏப்ரலிலிருந்து 10.75%. மேல் அடுக்கில் 35.75%. வரியில்லாமல் எடுக்க விட்டிருந்த டிவிடெண்ட் £5,000-லிருந்து படிப்படியாக £500-க்கு இறங்கிவிட்டது. கம்பெனி லாபத்தின் மேலான கார்ப்பரேஷன் வரியும் 2023 ஏப்ரலில் ஏறியது. இத்தனைக்கும் பிறகு பழைய பதிலை அப்படியே நம்பி முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்றைய நிலவரம் இது: சம்பாதித்த பணம் முழுவதையும் அதே ஆண்டில் எடுத்துச் செலவழிக்க வேண்டியவருக்கு லிமிடெட் கம்பெனியால் வரும் கூடுதல் பணம் சொற்பம். பணத்தை எப்போது எடுப்பது, யார் பெயரில் எடுப்பது, எவ்வளவைப் பென்ஷனில் போடுவது என்று தீர்மானிக்க வசதி உள்ளவருக்கு இன்னமும் அது நல்ல வழி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருப்பவர் தன் ஸ்பான்சர் கொடுத்த வேலையைத் தொடர்ந்து செய்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி வழியாகக் கான்ட்ராக்ட் எடுக்க முடியாது. அதற்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே விசாவில் டிபெண்டன்டாக வந்த கணவருக்கோ மனைவிக்கோ இந்தத் தடை இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஆறு அளவுகோல்கள் போதும்.

1. ஆண்டில் உண்மையில் எத்தனை நாள் பில் போட முடியும்.
2. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) யார் பணத்திலிருந்து போகிறது.
3. பணத்தை எந்த ஆண்டில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்க முடியுமா.
4. வீட்டில் இன்னொருவருடைய வருமானம் எவ்வளவு, குழந்தைகள் இருக்கிறார்களா.
5. பணமாகக் கைக்கு வராதவை: பென்ஷன், சம்பளத்துடன் விடுப்பு, நோய்க்கால ஊதியம்.
6. கணக்கு தவறினால் பொறுப்பு யார் தலையில்.

நாள் கணக்கில்தான் முதல் தவறு நடக்கிறது. நாள் ரேட்டை 260-ஆல் பெருக்கிப் பார்த்து £1,04,000 என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். 260-ல் அரசு விடுமுறை 8 போனால் 252. சாதாரண வேலையில் கிடைக்கும் 25 நாள் விடுப்பையே நீங்களும் எடுத்தால் 227. காய்ச்சல், இரண்டு கான்ட்ராக்டுக்கு நடுவே சில நாள் என்று ஏழு வேலை நாளைக் கழித்தால் 220. இதுவே நல்ல ஆண்டின் கணக்கு. டிசம்பர் கடைசி இரண்டு வாரம் கான்ட்ராக்டர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பும் வங்கிகளும் உண்டு, 210-க்கும் இறங்கும்.

கீழே உள்ளவை 2026-27 வரி ஆண்டுக்கு, 220 நாளுக்கு, வழக்கமான 1257எல் வரிக் குறியீட்டுக்கு, மாணவர் கடன் இல்லாதவருக்குப் போட்ட கணக்குகள். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்குச் சம்பளத்தின் மேலான வருமான வரி அடுக்குகள் வேறு. டிவிடெண்ட் வரி இதேதான்.

| | லிமிடெட், அவுட்சைடு £400 | அம்பிரெல்லா £400 | அம்பிரெல்லா £430 | நிரந்தரம் £70,000 |
|---|---|---|---|---|
| ஆண்டு வரவு (வாட் நீங்கலாக) | 88,000 | 88,000 | 94,600 | 70,000 |
| செலவு / மார்ஜின் | 4,000 | 1,100 | 1,100 | இல்லை |
| முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ், லெவி | 1,136 | 11,013 | 11,898 | முதலாளி தனியாகக் கட்டுவார் |
| மொத்தச் சம்பளம் | 12,570 | 75,887 | 81,602 | 70,000 |
| கார்ப்பரேஷன் வரி | 14,878 | இல்லை | இல்லை | இல்லை |
| டிவிடெண்ட் | 55,416 | இல்லை | இல்லை | இல்லை |
| வருமான வரி / டிவிடெண்ட் வரி | 10,333 | 17,787 | 20,073 | 15,432 |
| பணியாளரின் நேஷனல் இன்சூரன்ஸ் | 0 | 3,528 | 3,643 | 3,411 |
| கைக்கு வருவது | 57,653 | 54,572 | 57,886 | 51,157 |

பட்டியலின் முதல் இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். ஒரே ரேட்டில் லிமிடெட்டுக்கும் அம்பிரெல்லாவுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு £3,081, மாதத்துக்கு £257 மட்டுமே. இன்சைடு ரேட் £428-ஐத் தொட்டால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடுகிறது. ஆகவே £430 இன்சைடும் £400 அவுட்சைடும், பணம் முழுவதையும் எடுப்பவருக்கு, ஏறக்குறைய ஒன்றுதான்.

## லிமிடெட் கம்பெனி, அவுட்சைடு

கணக்கு இப்படிப் போகிறது. £88,000 வரவில் £4,000 செலவு: அக்கவுண்டன்ட்டுக்கு £1,500, தொழில்முறைக் காப்பீடுகளுக்கு £450, லேப்டாப், மென்பொருள், போன் £1,050, பயணம் முதலியவை £1,000. உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் £12,570. தனிநபர் வரிவிலக்கு வரம்பும் அதுவே என்பதால் வருமான வரி கிடையாது, பணியாளர் நேஷனல் இன்சூரன்ஸும் கிடையாது. ஆனால் முதலாளியாகிய கம்பெனி £5,000-க்கு மேல் 15% கட்ட வேண்டும். அதுதான் £1,136. ஒரே டைரக்டர் மட்டும் வேலை செய்யும் கம்பெனிக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் சலுகை இல்லை.

இந்த £1,136-ஐத் தவிர்க்க, சம்பளத்தை £5,000-ல் நிறுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கூடுதல் சம்பளமும் அதன் இன்சூரன்ஸும் சேர்ந்த £8,706 கம்பெனியின் செலவாகக் கழியும். இந்த லாப அளவில் அதனால் மிச்சமாகும் கார்ப்பரேஷன் வரி £2,307. அரசு ஓய்வூதியத்துக்கு ஒரு வருடமும் சேர்கிறது.

மிஞ்சும் லாபம் £70,295. முதல் £50,000-க்கு 19%. அதற்கு மேல் £2,50,000 வரை ஒவ்வொரு பவுண்டுக்கும் நடைமுறையில் 26.5%. மொத்தம் 25% என்று பெருக்கிவிட்டு மார்ஜினல் ரிலீஃபை (இந்த இடைப்பட்ட லாபத்துக்குக் கிடைக்கும் வரிக் குறைப்பு) மறந்தால் வரி £2,700 கூடுதலாகத் தெரியும்; எல்லாவற்றுக்கும் 19% போட்டால் £1,500 குறைவாகத் தெரியும். கணவன், மனைவி இருவரும் ஆளுக்கொரு கம்பெனி வைத்து, அவை ஒன்றையொன்று சார்ந்து நடந்தால் £50,000 என்ற வரம்பு பாதியாகும். இதை அக்கவுண்டன்ட்டிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

வரி போக £55,416. அதை டிவிடெண்டாக எடுக்கும்போது £500-க்கு வரியில்லை, £37,200-க்கு 10.75%, எஞ்சிய £17,716-க்கு 35.75%. அந்தக் கடைசித் துண்டுதான் லிமிடெட் கம்பெனியின் லாபத்தைத் தின்கிறது. ஏற்கெனவே 26.5% போன பணத்தில் மறுபடி 35.75% போகிறது. நீங்கள் கூடுதலாக உழைக்கும் ஒரு £400 நாளிலிருந்து கைக்கு வருவது £189.

### ஜனவரி மாதம்

அம்பிரெல்லாவிலும் நிரந்தர வேலையிலும் வரி கழித்த பிறகே பணம் கைக்கு வருகிறது. இங்கே பணம் முதலில் வருகிறது, வரி பின்னால் வருகிறது, சேர்ந்தும் வருகிறது.

கம்பெனியின் கணக்காண்டு 2027 மார்ச் 31-ல் முடிந்தால் கார்ப்பரேஷன் வரி ஒன்பது மாதமும் ஒரு நாளும் கழித்து, அதாவது 2028 ஜனவரி 1-ல். அது £14,878. அதே மாதம் 31-ஆம் தேதி உங்கள் டிவிடெண்ட் வரி £10,333. முதல் ஆண்டு என்பதால் அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக அதில் பாதி, £5,166, சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். ஒரே ஜனவரியில் £30,377. ஜூலை 31-ல் இன்னொரு £5,166.

நல்ல ரேட்டில் இருந்தவர்கள் கடன் வாங்கி நிற்பது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான். வழி எளிது: கிளையன்ட் பணம் வந்த அன்றே, வாட் போக மிச்சத்தில் 30%-ஐக் கம்பெனியின் இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் முழு வரியும் (இன்சூரன்ஸ், கார்ப்பரேஷன் வரி, டிவிடெண்ட் வரி) இந்த எடுத்துக்காட்டில் £26,347, அதாவது வரவில் 30%. முன்பணத்துக்கு இன்னொரு 6% ஒதுக்கினால் முதல் ஜனவரி அமைதியாகக் கழியும்.

கம்பெனிக் கணக்கில் பணம் இருக்கிறது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. வரிக்குப் பிந்தைய லாபம் இருந்தால்தான் டிவிடெண்ட் சட்டப்படி செல்லும். ஒவ்வொரு முறையும் டைரக்டர் தீர்மானமும் டிவிடெண்ட் வவுச்சரும் எழுதி வைக்க வேண்டும். லாபத்துக்கு மீறி எடுத்தது டைரக்டர் கடனாகிவிடும். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதம் ஒரு நாளுக்குள் திருப்பாவிட்டால் கம்பெனி அதன் மேல் 35.75% கட்டிவைக்க வேண்டும், கடனைத் திருப்பிய பிறகே அது மீளும்.

### லாபம் உண்மையில் எங்கே இருக்கிறது

மேலே சொன்ன £17,716-ஐ எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மொத்த வருமானம் £50,270-ல் நிற்கும், கையில் £46,271 வரும். அதாவது மாதம் £3,856. வீட்டுக் கடனும் செலவும் இதற்குள் அடங்குபவருக்குக் கதவுகள் திறக்கின்றன.

முதல் கதவு, தள்ளிப்போடுவது. அடுத்த ஆண்டு ஆறு மாதம் கான்ட்ராக்ட் இல்லாமல் போனால், அல்லது குழந்தைப் பேற்றுக்காக நீண்ட விடுப்பு எடுத்தால், அந்த £17,716-ஐ 35.75%-க்குப் பதில் 10.75%-ல் எடுக்கலாம். மிச்சம் £4,429. பெஞ்ச் காலத்துக்கான, அதாவது கான்ட்ராக்ட் இல்லாத காலத்துக்கான, சேமிப்பும் அதுவே.

இரண்டாவது, பென்ஷன். கம்பெனி நேரடியாக உங்கள் பென்ஷனில் £20,000 போட்டால் கார்ப்பரேஷன் வரியில் £5,300 குறையும். கையில் குறைவது £9,445 மட்டுமே. £20,000-ஐ £9,445-க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எடுக்கும் வயதில் அதற்கு வருமான வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்டு வரம்பு £60,000. பயன்படுத்தாத முந்தைய மூன்று ஆண்டுகளின் வரம்பையும் சேர்க்கலாம்.

மூன்றாவது, வாழ்க்கைத்துணை. வேறு வருமானம் இல்லாத மனைவியோ கணவரோ கம்பெனியின் பாதிப் பங்குகளை வைத்திருந்தால், £55,416 டிவிடெண்டும் ஆளுக்கு £27,708-ஆகப் பிரியும். மொத்த டிவிடெண்ட் வரி £10,333-லிருந்து £4,498-க்கு இறங்கும். குடும்பத்தின் கைக்கு £63,488. £400 அம்பிரெல்லாவைவிட £8,900 அதிகம். இதுவரை பார்த்ததில் பெரிய வித்தியாசம் இதுதான். இதற்கு நிபந்தனை உண்டு: அவை ஓட்டுரிமையும் மூலதன உரிமையும் கொண்ட முழுமையான சாதாரணப் பங்குகளாக இருக்க வேண்டும், டிவிடெண்ட் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஜோன்ஸ்–கார்னெட் வழக்கில் 2007-ல் பிரபுக்கள் சபை தம்பதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது இத்தகைய பங்குகளுக்குத்தான். டிவிடெண்ட் மட்டும் பெறும் தனி வகைப் பங்கை உருவாக்கி மனைவி பெயரில் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. துணைவர் ஏற்கெனவே £50,000 சம்பளம் வாங்குபவர் என்றால் இந்தக் கதவே இல்லை.

குழந்தைகள் இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. யாராவது ஒருவருடைய வருமானம் £60,000-ஐத் தாண்டினால் சைல்ட் பெனிஃபிட் (குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை) ஒவ்வொரு £200-க்கும் 1% கரையும், £80,000-ல் முழுவதும் போய்விடும். இரண்டு குழந்தைகளுக்கு அது ஆண்டுக்கு £2,200-க்கு மேல். £430 அம்பிரெல்லாவில் £81,602 சம்பளம் காட்டுவதால் அந்தப் பணம் முழுவதும் போகிறது. லிமிடெட்டில் வருமானத்தை £60,000-க்குள் நிறுத்துவது உங்கள் கையில். பட்டியலின் கடைசி வரியில் சமமாகத் தெரிந்த இரண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் சமமாக இல்லை.

### வாட்

வாட் பதிவுக்கான வரம்பு £90,000. நாளுக்கு £400 என்றால் தொடர்ச்சியான எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 226-வது நாள் பில் போட்டால் தாண்டிவிடும். காலண்டர் ஆண்டு கணக்கில் வராது. கிளையன்ட் வாட் பதிவுள்ள நிறுவனமாக இருந்தால் முதலிலேயே பதிந்துகொள்வது நல்லது, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வாட் திரும்பும். வரவில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வாட்டாகக் கட்டும் ஃப்ளாட் ரேட் திட்டத்தில் லாபம் பார்த்த காலம் போய்விட்டது. பொருள் செலவு குறைந்த கம்பெனிகளுக்கு 16.5%, அது வாட் சேர்த்த தொகையின் மேல். £400-க்கு £80 வாட் வாங்கி, £480-ல் 16.5%, அதாவது £79.20 கட்டுகிறீர்கள். மிச்சம் 80 பென்ஸ்.

### அவுட்சைடு என்று யார் சொன்னது

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. விளம்பரத்தில் ஏஜென்ட் "அவுட்சைடு" என்று எழுதினால் போதாது. நடுத்தர, பெரிய நிறுவனங்கள் 2021 ஏப்ரலிலிருந்து (அரசுத் துறை 2017-லிருந்தே) தாங்களே நிலையைத் தீர்மானித்து, காரணங்களுடன் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். அவர்கள் தீர்மானித்தது பிறகு தவறென்று தெரிந்தால் வரிப் பொறுப்பு முதலில் உங்களுக்குப் பணம் கொடுப்பவர் மேல் விழும். கிளையன்ட் சிறு நிறுவனம் என்றால் தீர்மானிப்பதும் நீங்கள்தான், தவறினால் கட்டுவதும் உங்கள் கம்பெனிதான். சிறு நிறுவனமா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். 45 நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

பார்ப்பது மூன்று: உங்கள் வேலையின் மேல் அவர்களுக்குள்ள கட்டுப்பாடு, உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பும் உரிமை, வேலை தரவும் ஏற்கவும் இருதரப்புக்கும் உள்ள கட்டாயம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறைதான் பேசும். லைன் மேனேஜர் உங்கள் விடுப்பை "அப்ரூவ்" செய்கிறார், ஆண்டு மதிப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, ஒப்பந்தத்தில் இல்லாத புதிய புராஜெக்ட்டுக்கு வியாழக்கிழமை மாற்றிவிடுகிறார்கள் என்றால் நீங்கள் அங்கே பணியாளரைப் போலத்தான் நடத்தப்படுகிறீர்கள். பெஞ்ச் காலம், வரிச் சேமிப்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

## அம்பிரெல்லா, இன்சைடு

ரேட்டைப் பார்த்ததும் அதுதான் சம்பளம் என்று நினைத்துவிடுவதே இங்கே நடக்கும் பெரிய தவறு. £400 என்பது ஏஜென்சி அம்பிரெல்லாவுக்குக் கொடுக்கும் தொகை. அதிலிருந்து வார மார்ஜின் (அம்பிரெல்லாவின் கட்டணம், இங்கே £25), முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ் 15%, அப்ரென்டிஸ்ஷிப் லெவி 0.5% எல்லாம் போன பிறகு மிஞ்சுவதே உங்கள் மொத்தச் சம்பளம். பென்ஷனில் இருந்தால் முதலாளி பங்கு 3%-ம் இதே பணத்திலிருந்துதான். மேலே உள்ள பட்டியல் பென்ஷன் வேண்டாம் என்று சொன்னவருக்கானது.

விரைவாகக் கணக்கிட: மார்ஜின் போன ஆண்டுத் தொகையுடன் 750 கூட்டி 1.155-ஆல் வகுங்கள். அதுவே மொத்தச் சம்பளம். அது £50,270-க்கும் £1,00,000-க்கும் நடுவே இருந்தால், £50,270-க்கு மேற்பட்டதை 0.58-ஆல் பெருக்கி £39,714-ஐக் கூட்டினால் கைக்கு வரும் தொகை.

ஏஜென்சி தன் சொந்தச் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் ரேட் குறைவாகத் தெரியும், பயப்பட வேண்டாம். முதலாளி செலவு ஏற்கெனவே நீக்கப்பட்ட ரேட் அது. விடுப்பு ஊதியம் 12.07% தனியாகத் தருவதாக இருந்தால், ஏஜென்சியின் £308 ஏறக்குறைய அம்பிரெல்லாவின் £400-க்குச் சமம். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு நல்ல வாய்ப்பை விட்டவர்கள் பலர்.

விடுப்பு ஊதியம் வாரச் சம்பளத்திலேயே சேர்கிறதா, தனியே சேர்த்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்து வைத்தால் ஒவ்வொரு விடுப்புக்கும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும், விடுப்பு ஆண்டு முடிந்தால் காலாவதியாகலாம். உங்கள் பணம்தான் அது.

£88,000-க்கு நேர்மையாக வருவது 62%. யாராவது 80%, 85% கைக்கு வரும் என்றால் ஒதுங்கிவிடுங்கள். அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கடன், முன்பணம், படி என்ற பெயரில் வரியில்லாமல் தருகிறார்கள். இப்படிக் கடனாக வாங்கிய பணத்துக்கு வந்த 2019 லோன் சார்ஜ் வரியில் பழைய ஆண்டுகளின் பணத்துக்கெல்லாம் வரி கேட்டுக் கடிதம் வந்தது அதை வாங்கிய பணியாளர்களுக்குத்தான். 2026 ஏப்ரலிலிருந்து அம்பிரெல்லா வரி கட்டத் தவறினால் ஏஜென்சியும் சேர்ந்து பொறுப்பு என்று சட்டம் வந்திருக்கிறது. இதனால் ஏஜென்சிகள் தங்கள் பட்டியலைச் சுருக்குகின்றன. வேலை ஏற்கும் முன் ஏஜென்சி தர வேண்டிய முக்கியத் தகவல் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். கழிவுகள் ஒவ்வொன்றும் அதில் எடுத்துக்காட்டுடன் இருக்கும்.

நல்ல அம்பிரெல்லா சாலரி சாக்ரிஃபைஸ் வழியாக (சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதை முதலாளி போடும் பென்ஷனாகப் பெறுவது) பென்ஷன் போட விடும். முதலாளி இன்சூரன்ஸ் மிச்சத்தையும் உங்களுக்கே தந்தால், £20,000 பென்ஷனுக்குக் கையில் குறைவது £10,043. லிமிடெட்டின் £9,445-க்கு அருகில். 2029 ஏப்ரலிலிருந்து இந்த இன்சூரன்ஸ் சலுகை ஆண்டுக்கு £2,000 பென்ஷனுக்கு மட்டும் என்று ஆகிறது, அதுவரை பயன்படுத்திக்கொள்ளலாம்.

அம்பிரெல்லா யாருக்குப் பொருந்தும்? ஆறு மாதம் செய்துவிட்டு நிரந்தர வேலைக்குத் திரும்ப நினைப்பவருக்கு. பணம் முழுவதும் மாதாமாதம் தேவைப்படுபவருக்கு. துணைவரும் நன்றாகச் சம்பாதிக்கும் வீட்டுக்கு. ஆறு மாதத்துக்காகக் கம்பெனி தொடங்கி, கணக்கு முடித்து, மூடுவது வீண்செலவு.

ரேட் உயர உயர நிலைமை மாறும். அம்பிரெல்லாவில் £527-ஐத் தாண்டினால் மொத்தச் சம்பளம் £1,00,000-ஐத் தாண்டுகிறது. அங்கிருந்து £1,25,140 வரை தனிநபர் விலக்கு கரைவதால், கூடுதலாக வரும் ஒவ்வொரு £100 பில்லிலும் கைக்கு £33தான். சிறு குழந்தை உள்ளவர்களுக்கு வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புச் சலுகையும் அதே £1,00,000-ல் முழுவதுமாக நின்றுவிடும். அந்த ரேட்டில் பென்ஷனைக் கூட்டியே ஆக வேண்டும்; அவுட்சைடு கிடைத்தால் லிமிடெட் தெளிவாக மேல்.

## இன்சைடு, ஆனால் சொந்தக் கம்பெனி வழியாக

சில கிளையன்ட்கள் இதை அனுமதிக்கிறார்கள். பணம் தருபவர் வரியும் இன்சூரன்ஸும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பெனிக்கு அனுப்புவார். அதை மறுபடி வரியில்லாமல் எடுக்கலாம். அம்பிரெல்லா மார்ஜின் மிச்சம், அக்கவுண்டன்ட் செலவு கூடுதல், விடுப்பு ஊதியமோ பணியாளர் உரிமையோ இல்லை. வேறு அவுட்சைடு வேலைக்காகக் கம்பெனி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## நிரந்தர வேலை, £70,000

கைக்கு £51,157. லிமிடெட்டைவிட £6,500 குறைவு போலத் தெரிகிறது. ஆனால் முதலாளி 8%, £5,600, பென்ஷனில் போடுகிறார். அதே £5,600-ஐ லிமிடெட் கம்பெனி போட்டால் கையில் £2,645 குறைந்து £55,008 ஆகும். உண்மையான வித்தியாசம் £3,851. ஒரு மாதம், 21 வேலை நாள், கான்ட்ராக்ட் இல்லாமல் இருந்தால் லிமிடெட்டில் இழப்பு £3,967. ஒரே மாத பெஞ்ச் கணக்கைச் சமமாக்கிவிடுகிறது. நோய்க்கால ஊதியம், இரண்டு ஆண்டுக்குப் பின் ஆட்குறைப்பு இழப்பீடு, மகப்பேறு ஊதியம், ஆயுள் காப்பீடு எல்லாம் இதற்கு மேல்.

£400 அவுட்சைடுக்கு நேரான நிரந்தரச் சம்பளம், பென்ஷன் முதலியவற்றைச் சேர்க்காமல், £81,200. இந்த எண்ணைப் பேரத்தில் பயன்படுத்துங்கள். வீட்டுக் கடன் வாங்கப்போகும் ஆண்டிலும், சந்தை மந்தமாக இருக்கும் ஆண்டிலும், £72,000-க்கு மேல் நல்ல பென்ஷனுடன் வந்தால் £400 நாள் ரேட்டைவிட அதுவே மேல் என்பது எங்கள் கருத்து. மாறாக, கான்ட்ராக்ட் பன்னிரண்டு மாதத்துக்கு உறுதி, துணைவருக்கு வருமானம் இல்லை, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்றால் லிமிடெட்டை எடுங்கள்.

லிமிடெட்டிலிருந்து நிரந்தர வேலைக்குப் போகும்போது கம்பெனியில் சேர்ந்திருக்கும் பணத்தை அவசரமாக டிவிடெண்டாக எடுத்துவிடாதீர்கள். £25,000 வரை இருந்தால் கம்பெனியைச் சாதாரணமாகப் பதிவிலிருந்து நீக்கி அதை மூலதன லாபமாக எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் கம்பெனியை முறைப்படி கலைக்கும் லிக்விடேட்டர் வேண்டும். தகுதி இருந்தால் வரி 18%, 35.75% அல்ல. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அதே தொழிலை இன்னொரு கம்பெனியிலோ தனியாகவோ மறுபடி தொடங்கினால், எடுத்த பணத்தை டிவிடெண்டாகவே கருதி வரி கேட்க வரித் துறையான எச்எம்ஆர்சிக்கு வழி உண்டு. நிரந்தர வேலை பிடிக்காமல் ஆறே மாதத்தில் கான்ட்ராக்டுக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறதா என்று யோசித்துவிட்டு மூடுங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனியை ஓராண்டு சும்மா வைத்திருப்பதற்கு ஆகும் செலவு சில நூறு பவுண்டுதான்.